வலது வாயோரம்

என் தொழிலில் ஆளை யோசிக்க விட்டால் போச்சு. மெட்ரோவின் நகரும் படிக்கட்டில் ஒருவன் இறங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு கையில் பை, மறு கையில் போன், மனதில் முதலாளி மேல் கடுப்பு. அவன் கண் சுவரில் ஒட்டிய போஸ்டரில் படுகிற அந்த ஒரு கணத்தில் இது சிரிப்புப் படம் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் வெள்ளைப் பின்னணி, தடித்த சிவப்பு எழுத்து, தலைப்பின் முடிவில் ஓர் ஆச்சரியக்குறி. நடுவில் ஒருவர் தலை முதல் கால் வரை, கையில் அவருக்குப் பொருந்தாத ஏதாவது ஒரு சாமானோடு நிற்க வேண்டும். கதை கடற்கரையில் நடந்தால் மட்டும் நீல வானமும் மஞ்சள் எழுத்தும். இதைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமே என்று புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். மாற்றினால் அந்தப் படிக்கட்டுக்காரன் ஏதோ அழுகைப் படம் என்று நினைத்து, வீட்டுக்குப் போய் சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

நான் ஆர்மெல். பாரிஸ் சுவர்களுக்கு இந்த வெள்ளையையும் சிவப்பையும் பல வருடமாகச் செய்து கொடுப்பவள். இதை யாரும் கலை என்று சொன்னதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை.

ஃபிர்மேன் கசால் நடித்த படங்களுக்கெல்லாம் போஸ்டர் நான்தான். அவரை நேரில் பார்த்தது கொஞ்சம்தான், ஆனால் அவர் முகத்தை என் முகத்தைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தின் மொத்த வியாபாரமும் வலது வாயோரத்தில் இருந்தது. மற்ற எல்லாம் இழவு வீட்டுக்கு வந்தவர் போல அசையாமல் இருக்கும். வலது ஓரம் மட்டும் மெல்ல மேலே ஏறும். அது ஏற ஆரம்பித்தாலே தியேட்டரில் ஆட்கள் இருக்கையைத் தட்டுவார்கள்.

அந்தப் படத்தின் பெயர் ‘ஞாயிறு வரைக்கும்தான்!’. வார விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்த மாமனார் திரும்பிப் போக மாட்டேன் என்கிறார். கதை அவ்வளவுதான். பைஜாமா, தொப்பி, கையில் ஒரு பெரிய பெட்டி என்று ஃபிர்மேனை நிறுத்தி மோந்த்ரேயில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்து அனுப்பினார்கள். திறந்து பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“தீபோ, இத எவன் திருப்பிப் போட்டது?”

தீபோ என் பக்கத்து மேஜை. முகங்களைத் துடைத்து மெருகேற்றுவது அவன் வேலை. எட்டிப் பார்த்தான்.

“நான் தொடலக்கா. வந்தபடியே கெடக்கு.”

“அப்ப ஸ்டூடியோல எவனோ திருப்பியிருக்கான். வாய் எந்தப் பக்கம் ஏறுது பாரு.”

“அட ஆமா. இடது பக்கம் ஏறுது. நம்மாளு வலதுல்ல?”

“இந்த ஊர்ல பால்குடிக்கிற புள்ளைக்குக்கூட அது தெரியும். அவனுங்களுக்குத் தெரியல.”

படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்புவது எங்களுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. முகம் தலைப்பைப் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் திருப்பிவிடுவோம். கல்யாண மோதிரம் கை மாறும், மச்சம் கன்னம் மாறும். ஒரு நடிகையின் அம்மாவைத் தவிர வேறு யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. அதனால் நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒரு சொடுக்கு. ஃபிர்மேனின் வாயோரம் வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது. வெள்ளையில் நிறுத்தினேன், சிவப்பில் தலைப்பைப் போட்டேன், ஆச்சரியக்குறியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன்.

படத்தை வெளியிடுகிற மோர்வான் வந்து பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். அவருக்கு எல்லாவற்றையும் சத்தமாகத்தான் சொல்ல வரும்.

“தாயே! இதான் தாயே! மனுஷன் இந்த மாதிரி வாயக் கோணி நான் பார்த்ததே இல்ல. இதுக்கே வரிசையில நிப்பானுங்க!”

அவரோடு சொலான்ஷும் வந்திருந்தாள். ஃபிர்மேனின் தங்கை, மேலாளர், காவல்காரி எல்லாம் அவள்தான். ஒவ்வொரு போஸ்டருக்கும் கைப்பையில் ஓர் அளவுகோலோடு வருவாள். கூட நடிப்பவரின் தலை அண்ணன் தலையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தாள். மூலையில் எட்டிப் பார்க்கிற மருமகன் தலையை அளந்தாள், அண்ணன் தலையை அளந்தாள்.

“சரியா இருக்கு. ஒரு மயிரிழை பெருசாவே இருக்கு. நல்லாரு ஆர்மெல்.”

அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்த அறையில் இருந்த நாலு பேரும் அந்த முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தோம். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

படம் வெளியாகும் புதன்கிழமைக்கு முந்தைய வாரம் ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். பேருந்தின் முதுகில், தெருமுனைத் தூண்களில், மெட்ரோ நடைமேடைகளில் என்று திரும்பிய பக்கமெல்லாம் ஃபிர்மேன் பெட்டியோடு நின்றார். ஜோரஸ் நிலையத்தில் வண்டிக்கு நின்றபோது என் கோட்டின் பொத்தான் ஒன்று கழன்றிருந்ததைக் கவனித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே, என் மூக்குக்கு நேராக, ஆள் உயரத்துக்கு ஃபிர்மேனின் பைஜாமா. அதன் சட்டைப் பொத்தான்களும் என் கோட்டைப் போலவே இருந்தன. அதே பக்கத் துணி மேலே, அதே பக்கத் துணி கீழே.

ஆண்கள் சட்டை ஒரு பக்கமாக மூடும், பெண்கள் சட்டை மறுபக்கமாக மூடும். தையற்காரர்கள் எந்தக் காலத்திலோ போட்ட வழக்கம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, அவருக்குப் பெண்கள் பைஜாமாவைக் கொடுத்துவிட்டார்களே என்று. அப்புறம்தான் உறைத்தது. நான் திருப்பியதால் அது பெண்கள் சட்டை ஆகியிருக்கிறது. அப்படியானால் ஸ்டூடியோவிலிருந்து வந்தபோது ஆண்கள் சட்டையாகத்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே யாரும் எதையும் திருப்பவில்லை. சரியாக இருந்த படத்தைத் திருப்பியவள் நான்தான்.

அப்படியென்றால் வாய்? இடது ஓரம் ஏறியிருந்தது நிஜம்தானா?

வண்டி வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. நான் அங்கேயே நின்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினேன். ஸ்டூடியோ அனுப்பிய அத்தனை படங்களையும் திறந்து, பக்கத்தில் அவருடைய பழைய படங்களின் முகங்களை வைத்துப் பார்த்தேன். பைஜாமாவின் பொத்தான்கள் எல்லாவற்றிலும் சரியான பக்கத்தில்தான் இருந்தன. வலது வாயோரம் எதிலும் அசையவில்லை. ஒரு முனையில் ஆணி கழன்ற திரைபோலத் தொங்கியது. இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரமும் மேலே ஏறவில்லை. அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. வலது பக்கம் கீழே இறங்கியதால் இடது ஏறியதுபோல் தெரிந்திருக்கிறது. சிரிக்கிறார் என்று நாங்கள் நினைத்த முகத்தில் சிரிப்பே இல்லை.

பெட்டி எல்லாப் படத்திலும் இடது கையில் இருந்தது. மோந்த்ரே புகைப்படக்காரருக்குப் போன் செய்தேன்.

“அன்னைக்கு ஃபிர்மேன் எப்படி இருந்தாரு?”

“ஐயோ, ஏன் கேக்குறீங்க!” அவர் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “என்னா கூத்து அடிச்சாரு தெரியுமா? பெட்டிய வலது கையில குடுத்தா கீழ விடுறாரு. எடுத்துக் குடுத்தா மறுபடியும் விடுறாரு. லைட்டு புடிக்கிறவன் சிரிச்சுச் சிரிச்சுத் தரையில உக்காந்துட்டான். கடைசியில இடது கையில மாத்திக்கிட்டாரு.”

“அவரும் சிரிச்சாரா?”

போனில் அவர் சிரிப்பு தேய்ந்துபோனது.

“அது... அது சரியா ஞாபகம் இல்லீங்க.”

நான் சொலான்ஷை அழைத்தேன். படம் வெளியாவதற்கு முன் நடிகர்கள் ஊர் ஊராகப் போய் முன்காட்சியில் முகம் காட்டுவது வழக்கம். அண்ணனும் தங்கையும் அந்தச் சுற்றில் எங்கோ ரயிலில் இருந்தார்கள். பின்னால் ஒரே கும்மாளம்.

“சொலான்ஷ், ஃபிர்மேன ஒரு டாக்டர்கிட்ட காட்டணும். இன்னைக்கே.”

“எதுக்கு?”

“அவரு வாய் ஒரு பக்கம் வேலை செய்யல.”

“அடிப் போடி! புதுசா ஒரு சிரிப்பு புடிச்சிருக்கான். போன மாசத்துலேர்ந்து அதத்தான் செய்றான். முந்தாநாள் டிவில பார்த்தியா? ஆளுங்க பேரயெல்லாம் மாத்தி மாத்திச் சொல்றான். கேள்வி கேட்ட பொண்ணுக்குச் சிரிச்சு மூக்குல தண்ணி வந்துடுச்சு.”

“அது நடிப்பு இல்ல சொலான்ஷ்.”

“ஏன் ஆர்மெல், நாப்பது வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா? ராத்திரி சோத்துத் தட்டுல முகத்த வச்சுத் தூங்குவான், அதுவும் நடிப்புதான். இரு, அவன்கிட்டயே குடுக்குறேன், நீயே கேளு.”

ஃபிர்மேன் எல்லோரையும் ராசா, ராசாத்தி என்றுதான் கூப்பிடுவார். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

“ராசாத்தி...” என்றார். குரல் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. “ராசாத்தி, அந்த... பெட்டி. பெட்டி வந்து... பெட்டி...”

ரயில் பெட்டி முழுவதும் சிரித்தது. முன்பின் தெரியாத பயணிகளாகவும் இருக்கலாம். அவர் இன்னொரு முறை “பெட்டி” என்றார், அதில் ஒரு கெஞ்சல் இருந்ததாக எனக்குப் பட்டது. பிறகு ஏதோ தடாலென்று விழுந்த சத்தம். “போனக் கீழ போட்டுட்டான் கழுத,” என்று சொலான்ஷ் சிரிப்பது தூரத்தில் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

மோர்வானிடம் சொன்னேன். அவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

“புதன்கிழமை வரைக்கும் என் படத்துல யாருக்கும் சளிகூடப் புடிக்கக் கூடாது தாயே. அப்புறம் எல்லாரையும் மொத்தமா ஆஸ்பத்திரியில சேத்துடலாம். போய் வேலையப் பாரு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அந்த மனிதர் என்ன செய்தாலும் ஊர் சிரிக்கிறது. அவர் கீழே விழுந்தாலும் கைதட்டுவார்கள். கணினித் திரையில் இருந்த என் போஸ்டரைப் பார்த்தேன். இப்போது எல்லாம் தெரிந்தபிறகும், அந்த வெள்ளையையும் சிவப்பையும் பார்த்ததும் என் வாய் தானாகச் சிரிக்கத்தான் போனது. எனக்கே இப்படியென்றால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

உட்கார்ந்து வெள்ளையை எடுத்தேன். அந்த இடத்தில் கறுப்புக்குப் பக்கமான ஒரு சாம்பலை நிரப்பினேன். திருப்பியதைப் பழையபடி திருப்பினேன். பெட்டியையும் பைஜாமாவையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் நடுவிலிருந்து ஒதுக்கி, ஓரத்துக்குக் கொண்டுபோனேன். சிவப்பு எழுத்தை அழித்துவிட்டுத் தலைப்பை மெல்லிய வெள்ளை எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, அடியில் சிறிதாக வைத்தேன். ஆச்சரியக்குறியை எடுத்தேன். ஞாயிறு வரைக்கும்தான். கையைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். முகத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

தீபோ காப்பியோடு வந்து என் பின்னால் நின்றான்.

“யாருக்கா இது? பாவம்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “செத்துட்டாரா?”

“நல்லா பாருடா.”

பார்த்தான். காப்பியை மேஜையில் வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தான்.

“நம்ம ஃபிர்மேன். மூஞ்சிய என்னக்கா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. ஊரெல்லாம் ஒட்டியிருக்கே, அதே மூஞ்சிதான்.”

போனில் அனுப்பினால் சொலான்ஷ் விரல் நகம் அளவுக்குப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். அதனால் சுவரில் ஒட்டுகிற அளவுக்கே அச்சடித்தேன். சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினேன். அன்று மாலை அவர்கள் லீல் நகரத்துத் தியேட்டரில் இருப்பதாகத் தீபோ விசாரித்துச் சொல்லியிருந்தான். வடக்கே போகப் போக மழை பிடித்தது. ஈரமான பீட்ரூட் வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. எதிர் இருக்கையில் ஒரு பெண் படித்த பத்திரிகையின் பின்பக்கத்தில் என் வெள்ளைப் போஸ்டர். ஃபிர்மேன் வழியெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

தியேட்டர் வாசலில் அவரை அட்டையில் ஆள் உயரத்துக்கு வெட்டி நிறுத்தியிருந்தார்கள். குழந்தைகள் பக்கத்தில் நின்று வாயைக் கோணிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மோர்வான் மட்டும் இருந்தார். சீஸ் வைத்துச் சுட்ட அடையும் பியரும் வைத்த மேஜைக்கு முன் தட்டோடு நின்றிருந்தார்.

“அடடே, தாயே! நீயும் வந்துட்டியா? இந்தா, ஒரு துண்டு சாப்பிடு.”

“ஃபிர்மேன் எங்க?”

“இப்பத்தான் மேடைக்குப் போறாரு. ரெண்டு வார்த்த பேசிட்டு வந்துடுவாரு. அது என்ன குழாய்?”

தட்டுகளைத் தள்ளிவிட்டு மேஜைமேல் விரித்தேன். மோர்வான் குனிந்தார். வாயில் இருந்ததை மெல்லுவது நின்றது. அவர் முகத்தில் இருந்த ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். என் தொழிலை அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. அவருக்கு ஒரு நொடி போதும்.

“இது எப்ப எடுத்தது?”

“நம்ம போஸ்டர்ல இருக்குறதுதான்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, போஸ்டரை ஒரு முனையிலிருந்து கவனமாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

“புதன்கிழமை வரைக்கும் பொறு ஆர்மெல்.” முதல் முறையாகத் தணிந்த குரலில் பேசினார். “நாலே நாள். பத்திரிகைக்காரனுக்குத் தெரிஞ்சா ஒருத்தன் சிரிப்பானா? சிரிக்காத சிரிப்புப் படத்துக்கு எவன் வருவான்? வியாழக்கிழமை காலையில நானே கூட்டிட்டுப் போறேன். என் காசுல. பெரிய டாக்டர்கிட்ட.”

“அவருக்கு நாலு நாள் இருக்குன்னு உங்ககிட்ட யார் சொன்னது?”

அவர் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. நல்ல சிரிப்பு, அரங்கு நிறைந்த சிரிப்பு. மோர்வான் பழக்கத்தில் புன்னகைத்தார். சிரிப்பு அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. காது கொடுத்துக் கேட்டேன். ஃபிர்மேன் பேசுகிற சத்தம் எதுவும் வரவில்லை. யாரும் எதுவும் பேசாமல் எதற்கு இவ்வளவு பேர் சிரிக்கிறார்கள்?

மோர்வான் கையிலிருந்து போஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

ஃபிர்மேன் மைக்குக்கு முன்னால் நின்றிருந்தார். வெளிச்சம் வெள்ளையாக அவர்மேல் கொட்டியது. வலது கை தொங்கியது. வாய் திறந்து மூடியது, “பெ... பெ...” என்று மட்டும் வந்தது. ஒவ்வொரு “பெ”வுக்கும் கூட்டம் துடித்துக்கொண்டு சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் நின்ற சொலான்ஷும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போது ஃபிர்மேன் அவள் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் என்ன பார்த்தாளோ, சிரிப்பு பாதியில் நின்றது. மேடைக்குப் பாய்ந்து அவரைத் தாங்கிக்கொண்டாள்.

“நிறுத்துங்க! இது நடிப்பு இல்ல! யாராவது வாங்களேன்!”

கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. படத்தில் மாமனாரைத் திருப்பி அனுப்பப் பார்க்கும் மகளாக நடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவன் பின்னாலிருந்து, “ஞாயிறு வரைக்கும்தான்!” என்று கத்தினான். அரங்கமே கைதட்டியது. சொலான்ஷ் அழுதாள். அதற்கும் சிரித்தார்கள். ஃபிர்மேன் கால் மடங்கி, பெட்டியைக் கீழே விட்டதுபோலத் தன்னையே கீழே விட்டார்.

நானும் மேடையேறினால் எனக்கும் சிரிப்பார்கள் என்று தெரிந்தது. கத்துவதில் பயன் இல்லை. நான் கத்தவே இல்லை. அவர் தலைக்குப் பக்கத்தில் போய் நின்று, கையில் இருந்ததை விரித்து, மேலே தூக்கிப் பிடித்தேன்.

கறுப்பு. அதில் அந்த முகம். கீழே மெல்லிய எழுத்து.

முன்வரிசைதான் முதலில் அடங்கியது. கைக்குட்டைக்காரர் போஸ்டரைப் பார்த்தார், கீழே கிடந்தவரைப் பார்த்தார், மறுபடி போஸ்டரைப் பார்த்தார். கைக்குட்டை மடியில் விழுந்தது. அதற்குப் பின்வரிசை, அதற்கும் பின்வரிசை. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவதுபோலச் சிரிப்பு பின்னால் போய் அணைந்தது. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் இன்னும் சிரித்தான். அப்புறம் அவனும் நிறுத்தினான். நான் தூக்கிப் பிடித்த காகிதம் படபடவென்று அடித்துக்கொண்ட சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

நடுவரிசையிலிருந்து ஒரு பெண் ஆட்களைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தாள். லீல் ஆஸ்பத்திரியில் நர்ஸாம். மண்டியிட்டு அவர் கன்னத்தைத் தொட்டாள், கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். “எவ்வளவு நாளா இப்படி இருக்காரு?” என்று கேட்டாள். சொலான்ஷ் என்னைப் பார்த்தாள்.

பிழைத்துக்கொண்டார். மூளையில் சின்னச் சின்ன அடைப்புகள் சில வாரங்களாகவே வந்துபோயிருக்கின்றன, அன்று வந்ததுதான் பெரியது என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், சொலான்ஷ் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். உடம்பில் வலது பாதி போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, வரலாம் என்கிறார்கள்.

புதன்கிழமை படம் வந்தது. பாரிஸில் லேயால் தியேட்டரில் முதல் காட்சிக்குக் கூட்டம் வந்ததாம், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லையாம், எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மோர்வான் அன்று மத்தியானமே போன் செய்தார். “தாயே, அந்தக் கறுப்பக் குடு. அப்படியே ஒட்டிடுவோம். இப்ப அதுதான் ஓடும்.” நான் போனை வைத்துவிட்டேன். வெள்ளைப் போஸ்டர்கள் சுவர்களில் அப்படியே இருந்தன. அவற்றுக்கு எதிரில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து லீலுக்குப் போனேன். ஃபிர்மேனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். முகம் முழுவதும் இழவு வீடாக இருந்தது, எந்த ஓரமும் அசையவில்லை. சொலான்ஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளுடைய அளவுகோல் ஜன்னல் விளிம்பில் கிடந்தது; அண்ணன் விரல்கள் எவ்வளவு நகர்கின்றன என்று இப்போது அதில் அளக்கிறாளாம்.

“உன் போஸ்டரக் கையக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கிட்டே இருக்கான்,” என்றாள். “அன்னைக்கு நீ விட்டுட்டுப் போனத நான் ஒளிச்சு வச்சிருந்தேன். கண்ணாலயே திட்டுறான்.”

“வேண்டாம் சொலான்ஷ். அத எதுக்குக் காட்டணும்?”

“நீ வந்தா காட்டுறேன்னு சொல்லிட்டேன்.”

அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து அவர் மடியில் விரித்தாள். ஃபிர்மேன் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பிறகு இடது கையைத் தூக்கி சொலான்ஷின் கைப்பையைக் காட்டினார். சீப்பை எடுத்தாள், இல்லை. கண்ணாடியை எடுத்தாள், இல்லை. உதட்டுச் சாயத்தை எடுத்ததும் கையை நீட்டினார். இடது கையால் அதைக் குச்சியைப்போலப் பிடித்துக்கொண்டு, மெல்லிய எழுத்துகளின் முடிவுக்குக் கொண்டுபோனார். கோணலாக ஒரு கோடு இழுத்தார். அதற்கடியில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். சிவப்பு ஆச்சரியக்குறி.

பிறகு தலையணையில் சாய்ந்தார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. தொண்டையிலிருந்து ஏதோ இழுத்துக்கொள்வதுபோல ஒரு சத்தம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கட்டிலே ஆடியது. முகம் மட்டும் அசையவில்லை. நான் அவர் வாயைப் பார்த்தேன். வலது ஓரத்தைப் பார்த்தேன், இடது ஓரத்தைப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றும் இல்லை. பாய்ந்து போய்ச் சுவரில் இருந்த மணியை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

வார்டு நர்ஸ் ஓடிவந்தாள். அவர்மேல் குனிந்தாள், கண்ணைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். மடியில் இருந்த போஸ்டரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மணியிலிருந்து என் விரலை மெதுவாக எடுத்துவிட்டாள்.

“சிரிக்கிறாருங்க,” என்றாள்.